தோழி இல்லாத வெறியாட்டு

1

முதுகலை முதலாண்டு வகுப்பில் வெறியாட்டுத் துறை நடத்திக்கொண்டிருந்தேன். மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, நெற்றியில் பசலை ஏறுகிறது. தாய் கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். முருகு அணங்கியது என்று விடை வருகிறது. வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், மறி அறுக்கிறான், ஆடுகிறான். நோய்க்குக் காரணமானவனோ எங்கோ ஒரு மலைச்சாரலில் இருக்கிறான். பதினைந்து வருடமாக இதே வரிசையில்தான் சொல்லிவருகிறேன். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று நடுவரிசையில் ஒருத்தி கேட்டாள்: “ஏன் மேம், அந்தப் பொண்ணு அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே?”

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சொன்னா நம்பிருவாங்களாக்கும்.”

அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதமாக இடது கால் வரவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தபோது கால் தன்னுடையதாக இல்லை என்றாள். இழுத்து இழுத்து நடந்தாள். எங்கள் வகுப்பு இரண்டாம் மாடியில். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறிவருவதை நான் தினமும் பார்த்தேன். தண்டுவடத்துக்கும் தலைக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. “ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டாத குறை என்றார்கள். தோழிகளில் சிலர், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும்போது கால் சரியாகத்தானே வருகிறது என்றார்கள். நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். கருத்தரங்கக் கட்டுரை சமர்ப்பிக்கும் வாரத்தில் கால் வரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வசதியான நோயாகப் பட்டது. முனைவர் பட்ட ஆய்வில் தோழி கூற்றுக்கென்று இரண்டு இயல் எழுதியவள் நான்.

“சொன்னா நம்பிருவாங்களாக்கும்” என்ற அந்தச் சொல் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் என்று வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகே உறைத்தது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லின் பின்னால் போன கட்டுரை.

2

வெறியாட்டுப் பாடல்களைப் பெண்ணின் நோய் குறித்த பிரதிகளாக வாசிக்க முடியும். அங்கே நோய் உண்மையானது. பசலை நடிப்பு என்று அகப்பாடல்களில் தாய்கூடச் சொல்வதில்லை. காரணம் மட்டுமே தவறாக இடப்படுகிறது. தவறான காரணத்துக்குரிய மருத்துவம் முழுச் சடங்கோடு நடக்கிறது. கவிதையின் நகையும் வலியும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

இந்தத் துறையைப் பாடியே பெயர் பெற்ற பெண்புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்று 22ஆம் பாடலில் வேலன் ஆடி முடித்த இரவில் காதலன் காவலைக் கடந்து வருகிறான். வாடியிருந்த உடல் பூரிக்கிறது. ஒரு தொடர்பும் இல்லாத வேலனுக்காக இத்தனை பாடா என்று நினைத்துத் தலைவி சிரித்துவிடுகிறாள். தன்னைக் கண்டறியத் தெரியாத மருத்துவத்தைப் பார்த்து நோயாளி சிரிக்கும் சிரிப்பு அது.

98ஆம் பாடலில் சிரிப்பு இல்லை. வெறியாட்டுக்குப் பிறகும் அழகு திரும்பாவிட்டால் ஊர் அலர் தூற்றும். திரும்பிவிட்டால், இவள் நோய்க்குக் காரணம் வேறு ஏதோ என்று காதலன் நினைத்துவிடுவான். அதன்பின் உயிர் வாழ்வதே அரிது. குணமானாலும் குற்றம், குணமாகாவிட்டாலும் குற்றம். என் மாணவி அன்று நின்ற இடமும் அதுதான். கால் சரியாகிவிட்டால் “அப்போ இத்தனை நாள் நடிச்சே” என்பார்கள். சரியாகாவிட்டால் “இன்னும் நடிக்கிறே” என்பார்கள்.

ஆனால் சங்கப் பிரதியில் இன்னொருத்தி இருக்கிறாள். ஔவையார் பாடிய குறுந்தொகை 23இல் குறி சொல்ல வந்த முதுபெண் பல மலைகளைப் பாடிக்கொண்டு போகிறாள். காதலனின் மலை வந்ததும் தோழி நிறுத்தி, அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடு என்கிறாள். அவ்வளவுதான் கவிதை. தலைவியின் நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, தலைவியை ஒரு கேள்விகூடக் கேட்காமல், கூடியிருப்பவர்களுக்கு உணர்த்திவிடுகிறாள். நற்றிணை 34இல் தோழி இன்னும் துணிகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டதற்காக வந்து நிற்கிறாயே, கடவுளே ஆனாலும் நீ அறிவில்லாதவன்தான் என்று முருகனையே பார்த்துச் சொல்லிவிடுகிறாள். அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயர் வைத்திருப்பது இந்தச் சங்கிலிக்கு: தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வது. உடலில் தெரிந்தது படிப்படியாகச் சொல்லாகிறது. ஒவ்வொரு படியிலும் கேட்பதற்கு ஒருத்தி இருக்கிறாள்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அகமரபுக்கு ஒரே ஒரு நோய்க்காரணம்தான் தெரியும்: காதல். அதற்கு ஒரே ஒரு மருந்துதான் தெரியும்: மணம். காதலல்லாத ஒன்றால் மெலிந்த பெண்ணுக்கு, மணத்தாலேயே மெலிந்த பெண்ணுக்கு, அங்கே வெறியாட்டும் இல்லை, அறத்தொடு நிற்றலும் இல்லை. தோழியின் செவி கூர்மையானது. அது கேட்பதற்கு அனுமதிக்கப்பட்ட செய்தியோ ஒன்றே ஒன்று.

3

மாணவியின் காலைப் புரிந்துகொள்ள உளவியல் துறைத் தோழி ஒருவரிடம் பிறழ்நிலை உளவியல் பாடநூலை வாங்கி வந்தேன். அதில் இரண்டு இயல்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று விலகல் கோளாறுகள். நினைவு, அடையாளம், தன்னுணர்வு ஆகியவை ஒன்றாகப் பின்னியிருப்பதில் இழை பிரிந்துபோகும் நிலை. தாங்க முடியாத ஒரு காலப்பகுதி நினைவிலிருந்தே அழிந்துபோகலாம். தன் உடலைத் தானே கூரையிலிருந்து பார்ப்பதுபோல் தோன்றலாம். ஒருவருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் மாறிமாறித் தலையெடுக்கலாம். மற்றொன்று உடல்வழிக் கோளாறுகள். பாடநூல் மொழியில் சொமட்டோஃபார்ம். வலி, வலிப்பு, வாதம், குரல் போதல், பார்வை மங்கல் என்று உடல் துன்பப்படும். சோதனையில் அந்தத் துன்பத்துக்கு ஈடான சிதைவு உடலில் கிடைக்காது.

இந்த இரண்டும் ஒரு வீட்டைப் பாகம் பிரித்ததில் கிடைத்தவை. அந்த வீட்டின் பெயர் ஹிஸ்டீரியா. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஹிஸ்டீரியாவைக் கைவிட்டு, விலகல் கோளாறு, உடல்வழிக் கோளாறு என்று தனித்தனியாக வைத்தது. பெயரில் இருந்த கருப்பை போயிற்று. அந்தப் பெயரோடு சேர்ந்து வளர்ந்த சந்தேகம் போயிற்றா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தப் பழைய வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

1895இல் ஜோசஃப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுநூலை வெளியிட்டார்கள். அதில் முதல் நோயாளியின் பெயர் அன்னா ஓ. வியன்னாவில் வசதியான யூதக் குடும்பத்துப் பெண். 1880இல் நோயுற்ற தந்தையின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்தபோது அவளுடைய வலது கை மரத்துப்போனது. பிறகு தாய்மொழியான ஜெர்மன் அவளை விட்டுப் போனது. ஆங்கிலம் மட்டும் வந்தது. பிராயரிடம் பேசப் பேச அறிகுறிகள் தளர்வதைக் கண்டு அந்த முறைக்கு ஆங்கிலத்திலேயே பேச்சுச் சிகிச்சை என்று பெயர் வைத்தவள் அவள்தான். உளப்பகுப்பாய்வின் வாசலில் ஒரு நோயாளிப் பெண் வைத்த பெயர் எழுதியிருக்கிறது. நூலின் அட்டையிலோ இரண்டு ஆண்களின் பெயர்கள்.

அவளுடைய சொந்தப் பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம். அன்னா ஓ. இவர்தான் என்று 1953இல்தான் அச்சில் வந்தது. அதற்கு முன்பே உலகம் அவரை வேறு விதமாக அறிந்திருந்தது. 1899இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் அவர். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவர். பெண்களை விற்கும் வணிகத்தை எதிர்த்துப் பயணம் செய்தவர். தன்னை விட்டுப்போன மொழிக்கே திரும்பிவந்து அதில் பெண்ணுரிமையை எழுதினார் என்பது, கவிதை எழுதுகிறவளாக எனக்குப் பெரிய செய்தி. ஆனால் பாடநூலில் அவர் இன்றும் அன்னா ஓ. மட்டும்தான். அவருடைய மரத்த கை இருக்கிறது. அந்தக் கை பின்னாளில் எழுதியவை இல்லை.

இன்னொருத்தி டோரா. சொந்தப் பெயர் இடா பாவர். 1900இல் 18 வயதில் தந்தை அவளை ஃபிராய்டிடம் கொண்டுவந்து விட்டார். அடிக்கடி குரல் போய்விடும், இருமல் நிற்காது. குடும்ப நண்பர் ஒருவர் சிறுமியாக இருந்தபோதே தன்னிடம் அத்துமீறினார் என்றும் பிறகு ஏரிக்கரையில் தன்னை அணுகினார் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அந்த மனிதர் மறுத்தார். தந்தை அவரை நம்பினார். அந்த நண்பரின் மனைவிக்கும் தந்தைக்கும் உறவு இருந்தது என்பது பின்னணி. ஃபிராய்ட் அவள் சொன்ன நிகழ்ச்சியை நம்பினார். ஆனால் அவளுக்கு வந்த அருவருப்பை நம்பவில்லை. உள்ளூர அவள் அந்த மனிதரை விரும்பினாள் என்றார். பதினொரு வாரத்தில் டோரா எழுந்து போய்விட்டாள்.

பெண்ணியர் நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாய்பாடு உண்டு: பெண் பேச முடியாததை அவள் உடல் பேசுகிறது. நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். டோராவைப் படித்த பிறகு அது பாதி உண்மை என்று தோன்றுகிறது. டோரா பேசினாள். தாயிடம் சொன்னாள், தந்தையிடம் சொன்னாள், மருத்துவரிடம் சொன்னாள். அவளுக்கு மொழி இருந்தது. இல்லாமல் போனது அந்த மொழிக்கு ஒரு காது. பெண்ணுக்குச் சொல் இல்லை என்று நாம் சொல்லும்போது, சொல்லைக் கேட்டும் நம்ப மறுத்தவர்களை நம்மை அறியாமல் விடுவித்துவிடுகிறோம்.

4

மாணவியை நான் ஒரு அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப்போனேன். இளம் பெண் மருத்துவர். ஸ்கேன் கவரைத் திறக்கும் முன் மாணவியைப் படுக்கவைத்தார். இடது குதிகாலின் அடியில் தன் உள்ளங்கையை வைத்து, “அழுத்துங்க” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. கையை எடுக்காமலே, “இப்போ வலது காலை மேல தூக்குங்க” என்று அந்தக் காலின் மேல் மற்றொரு கையால் எதிர்த்து அழுத்தினார். வலது கால் எழ முயன்றபோது இடது குதிகால் அவர் உள்ளங்கையில் இறங்கியது. அதன் பலம் அவர் மணிக்கட்டு தாழ்ந்ததில் எனக்கே தெரிந்தது.

“பாத்தீங்களா, பலம் இருக்கு. காலுக்குப் போற நரம்பும் நல்லாருக்கு. நீங்க அழுத்தணும்னு நினைக்கிறப்போ மட்டும் அந்த வழி அடைபடுது. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு.”

ஹூவர் குறி என்பது அந்தச் சோதனையின் பெயர். 1908இல் சார்ல்ஸ் ஹூவர் விவரித்தது. நூறு ஆண்டு தாண்டியும் ஒரு உள்ளங்கை மட்டும் போதுமான சோதனை அது. இன்று இந்த நோயைச் செயல்சார் நரம்பியல் கோளாறு என்கிறார்கள். பழைய பெயர் கன்வெர்ஷன். மனத்தின் துயரம் உடலின் அறிகுறியாக மாறுகிறது என்ற ஃபிராய்டின் கருத்திலிருந்து வந்த பெயர் அது. எந்தச் சோதனையிலும் ஒன்றும் அகப்படாததால் மட்டும் இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது, ஹூவர் குறி போன்ற நேரடி அடையாளங்களைக் கண்டே தீர்மானிக்க வேண்டும் என்பது இன்றைய முறை. மருத்துவர் தேடவேண்டியது இன்மையை அல்ல, இருப்பை. “ஒன்றுமில்லை” என்பது இந்த நோயின் பெயராக இருக்கவே முடியாது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1965இல் லண்டனில் எலியட் ஸ்லேட்டர், ஹிஸ்டீரியா என்று முன்பு முத்திரை குத்தப்பட்ட 85 பேரைத் தேடிப்போய்ப் பார்த்தார். அவர்களில் பலருக்கு உண்மையில் உடல்நோய் இருந்தது, அல்லது பின்னர் வெளிப்பட்டது. சிலர் இறந்தே போயிருந்தார்கள். ஹிஸ்டீரியா என்ற சொல் மருத்துவரின் அறியாமைக்குப் போர்த்திய போர்வை என்று ஸ்லேட்டர் முடிவுக்கு வந்தார். அண்மைக் காலத்தில் இத்தகைய தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் ஒரு பெண் வலி என்று வந்தால் “டென்ஷனைக் குறைங்க” என்று தொடங்கும் அறைகள் நம் எல்லோருக்கும் தெரியும்.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இரண்டு முக்கியமான திருத்தங்களைச் செய்தது. மருத்துவத்தால் விளக்க முடியாதது என்ற நிபந்தனையை உடல்வழிக் கோளாறுகளின் மையத்திலிருந்து எடுத்தது. கன்வெர்ஷனுக்கு ஒரு மன அதிர்ச்சியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பதையும் எடுத்தது. நல்லதுதான். ஆனால் முதலாவதற்கு ஈடாக, அறிகுறியைப் பற்றி நோயாளி அளவுக்கு மீறி எண்ணுவதும் அஞ்சுவதும் அளவுகோலாயின. அளவு என்பது யாருடைய அளவு? பத்து வருடம் வயிற்றுவலியோடு அலைந்து, ஒவ்வொரு அறையிலும் திருப்பி அனுப்பப்பட்ட பெண் தன் வலியைப் பற்றி எவ்வளவு நினைத்தால் அது மீறல் ஆகாது?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலைச் சிதைத்த நோய் எதுவும் இல்லை என்பதை ஹூவர் குறி காட்டும். நடிப்பா இல்லையா என்பதை அது காட்டாது. அந்த உள்ளங்கைக்கு அப்பால் மருத்துவர் அவளை நம்பினார். அந்த நம்பிக்கை எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை. தோழியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

5

இந்த நோய்களை நம் மாணவிகள் பாடநூலில் சந்திப்பதற்கு முன் திரையில் சந்தித்துவிடுகிறார்கள். விலகல் கோளாறு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் இரண்டு பதில் வரும்: சந்திரமுகி, அந்நியன். இரண்டும் 2005இல் வந்தவை. ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பிரதிகள்.

அந்நியனில் அம்பி பிளவுபடக் காரணம் சிறுவயதில் தங்கையின் சாவு. அந்தச் சாவுக்குக் காரணம் சமூகத்தின் அலட்சியம். ஆகவே அவனுடைய இரண்டாவது ஆள் சமூகத்தைத் தண்டிக்கிறான். நோய் அவனுக்கு ஒரு கொள்கை தருகிறது. சிகிச்சை முடிந்து வெளியே வந்த பிறகும் அவன் ஒருவனை ரயிலிலிருந்து தள்ளிவிடுகிறான். படம் அவனோடு சேர்ந்து புன்னகைக்கிறது. முதல் உலகப்போரில் பேச்சிழந்து, கைகால் மரத்துத் திரும்பிய சிப்பாய்களுக்கு 1915இல் ஷெல் ஷாக் என்று தனிப்பெயர் பரவியது நினைவுக்கு வருகிறது. அதே அறிகுறிதான். ஆண் மரத்துப்போனால் காரணம் வெளியே, போரில், நாட்டில், சட்டத்தில் இருக்கிறது.

சந்திரமுகியின் கங்காவுக்குக் காரணம் பாழடைந்த அரண்மனையும் அவள் கேட்ட கதையும். அரசன் வேட்டையன் கவர்ந்துவந்த நடனக்காரி, அவளுடைய காதலன் குணசேகரன், அவன் தலை வெட்டப்பட்டது, அவள் உயிரோடு எரிக்கப்பட்டது. கங்கா அந்தக் கதைக்குள் போய்விடுகிறாள். ஆனால் அவள் மாறும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை மறுபடி பாருங்கள். கடைக்குக் கிளம்புகிறாள். கணவன் போகக் கூடாது என்கிறான். ஏன் என்று கேட்கிறாள். மறுபடியும் கூடாது என்கிறான். அந்த மறுப்பில்தான் அவள் குரல் மாறுகிறது, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். மருத்துவர் சொல்லிக்கொடுத்துத்தான் கணவன் அப்படித் தடுக்கிறான். மனைவியைப் பைத்தியமாக்க எந்தச் சொல் போதும் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்கிறது. படத்துக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்தச் சொல்லை அது நோய்க்காரணமாக எழுதவில்லை.

முடிவில் வேட்டையனின் உருவப்பொம்மை எரிகிறது, சந்திரமுகி போகிறாள், கங்கா கணவனின் மனைவியாக மிஞ்சுகிறாள். அம்பிக்கு அவனுடைய அந்நியன் மிஞ்சினான். கங்காவுக்கு அவளுடைய சந்திரமுகி ஒரு துளியும் மிஞ்சக் கூடாது. தன் பெயரும் நடனமும் கோபமும் ஏன் ஒரு செத்த பெண்ணிடமிருந்து அவளுக்கு வரவேண்டியிருந்தது என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

மொழியையும் கவனிக்க வேண்டும். இந்தக் கதையின் மூலம் 1993இல் வந்த மலையாளப் படம் மணிச்சித்ரதாழ். அங்கே மாறிப்போன கங்கா தமிழ் பேசுகிறாள், நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசுகிறாள். மலையாளிக்குத் தமிழச்சி, தமிழனுக்குத் தெலுங்குப் பெண். நம் வீட்டுப் பெண்ணின் கோபம் நம் மொழியில் வராது. பக்கத்து மொழிக்காரியிடமிருந்து தொற்றிக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். பெர்த்தாவுக்கு மொழி போனபோது அது அவள் பட்ட துயரம். திரையில் அது இனிய பாட்டு.

6

எங்கள் பெரியம்மாவுக்கு ஆடி மாதம் சாமி வரும். மற்ற நாட்களில் அவர் சமையலறையை விட்டு வெளியே வந்து பேசி நான் பார்த்ததில்லை. சாமி வந்தால் மாமனாரே கைகட்டி நின்று “சொல்லு தாயி” என்பார். ஒரு வருடம் சாமி, “எம்பொண்ணு படிப்பை ஏண்டா நிறுத்தினே?” என்று கேட்டது. அக்கா மறுவாரம் பள்ளிக்கூடம் போனாள். பெரியம்மாவிடம் பின்னாளில் கேட்டபோது, “எனக்கு என்னடி தெரியும், அது ஆத்தா கேட்டது” என்றார்.

இதை நோய் என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலும் சொல்லாது. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்குக்குள் வரும் ஆவேசத்தை அது கோளாறாகக் கருதுவதில்லை. விரும்பாமல், கட்டுப்படுத்த முடியாமல் வந்து வாழ்க்கையைக் குலைப்பதைத்தான் கருதுகிறது. ஐ.எம். லூயிஸ் 1971இல் எழுதிய நூலில், அதிகாரமற்ற பெண்கள் ஆவியின் பெயரால் ஆண்களிடம் நியாயம் கேட்கும் மறைமுக உத்தி என்று இத்தகைய ஆவேசத்தை விளக்கினார். பெரியம்மாவை நினைக்கும்போது அது சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் சாமி வேறு, பேய் வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து 2000இல் நூல் எழுதிய இசபெல் நபோகோவ் வேறொன்றைக் கண்டார். புதிதாக மணமான பெண்களைப் பிடிப்பவை பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் செத்த ஆண்பேய்கள். பம்பை ஒலிக்க அந்தப் பெண்ணைப் பேச வைக்கிறார்கள். பேய் பெயர் சொல்ல வேண்டும், ஊர் சொல்ல வேண்டும், போகிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு ஒரு கற்றை முடியை வெட்டி மரத்தில் ஆணியடிக்கிறார்கள். அவள் பேசுகிறாள்தான், ஆனால் அவள் பேசவேண்டிய வசனம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. சடங்கு அவளை விடுவிப்பதில்லை, கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. மரத்தில் தொங்கும் அந்த முடிக்கற்றையை, எரிந்த வேட்டையன் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பெண்ணியத்துக்குள்ளேயே இது பழைய வழக்கு. 1975இல் எலென் சிக்சூவும் கேத்தரின் க்ளெமானும் சேர்ந்து எழுதிய நூலில் டோராவைப் பற்றி இருவரும் மோதுகிறார்கள். சிக்சூவுக்கு ஹிஸ்டீரியப் பெண் குடும்பத்தை உலுக்குகிற புரட்சிக்காரி. க்ளெமான் ஒப்பவில்லை: அவள் உலுக்குகிறாள், குடும்பம் மறுபடி மூடிக்கொள்கிறது, அடிபடுவது அவள் உடல்தான். இளம்வயதில் நான் சிக்சூவின் பக்கம். மரத்த கைகளும் அறுந்த குரல்களும் என் முதல் தொகுப்பு முழுக்க இருக்கின்றன. இன்று க்ளெமானின் பக்கம் நகர்ந்திருக்கிறேன். நகர்த்தியது புத்தகம் அல்ல.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் பேருந்தில் நான் மாணவியிடம் மெதுவாகக் கேட்டேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, யாராவது தொந்தரவு செய்தார்களா, சின்ன வயதில் ஏதாவது. நான் நல்ல தோழியாக இருப்பதாக எண்ணம். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க மேம். பூசாரி எந்தப் பேய்னு கேட்டாரு. நீங்க எந்தப் பிரச்சினைன்னு கேக்குறீங்க. எனக்குக் கால் வரல. அதை மொதல்ல கேளுங்க.”

முதலில் நான் அவளை நம்பவில்லை. பிறகு அவள் காலை ஒரு கவிதையாக்கி, அதன் உட்பொருளைத் தேடினேன். இரண்டிலும் கால் காணாமல் போயிருந்தது. எல்லா வாதத்துக்கும் அடியில் ஒரு ரகசியம் புதைந்திருக்க வேண்டும் என்பது ஃபிராய்டிடமிருந்து இலக்கியத் திறனாய்வு சுவீகரித்த பழக்கம். சிலருக்குப் புதைந்திருக்கும். வன்முறையும் இழப்பும் இந்த நோய்களின் பின்னால் பல முறை உண்டு. அதை மறைப்பது அநியாயம். சிலருக்கு ஒரு சிறு காயமோ காய்ச்சலோ தொடக்கமாக இருக்கும். சிலருக்குக் காரணமே தெரியாது. காரணம் சொன்னால்தான் உன் வலியை நம்புவேன் என்பது, பேயின் பெயரைச் சொன்னால்தான் விடுவேன் என்பதற்கு வெகு தூரத்தில் இல்லை.

7

உடற்பயிற்சி மருத்துவம் ஐந்து மாதம் நடந்தது. நடப்பதைப் பற்றி நினைக்காமல் நடக்கப் பழக்கினார்கள்: பின்பக்கமாக, பந்தை உதைத்தபடி, பாட்டுக் கேட்டபடி. கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. களைத்த நாட்களில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். அந்தப் பருவம் எங்கள் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு இயல் எழுதியவள் தோழியாகச் செய்த முதல் வேலை அது. அவள் என்னிடம் எந்த ரகசியத்தையும் சொல்லவில்லை. சொல்ல இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

வெறியாட்டை இப்போது வேறு மாதிரி நடத்துகிறேன். வேலன் ஆடும் இடத்தில் வகுப்பு சிரித்தால் சிரிக்க விடுகிறேன். பிறகு தாயைப் பார்க்கச் சொல்கிறேன். அவள் கொடியவள் அல்ல. மகளின் மெலிவை முதலில் கண்டவள் அவள்தான். பதறிக் குறி கேட்டவளும் அவள்தான். அவளுக்குத் தெரிந்த ஒரே மருத்துவத்தை அழைத்து வந்தாள். மகளின் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் என்னைப் பார்க்கிறேன்.

தேர்வுக்கு எப்போதும் வெறியாட்டுத் துறையை விளக்குக என்று கேட்பேன். இந்த முறை, இப்பாடல்களில் தலைவியை நம்புகிறவர் யார் யார் என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் தோழி என்று எழுதி மேற்கோளும் காட்டியிருந்தார்கள். அந்த மாணவி தோழியை எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: தோழி நம்புவதற்கு முன்பே தலைவி தன்னை நம்பினாள், இல்லாவிட்டால் வேலனைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாள்.

முழு மதிப்பெண் போட்டேன்.